பெரிய கேமரா, சின்ன கேமரா, கண் மூடும் வாப்பா

கண் திறந்த முகம் பிடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். திருச்சி உறையூரில் பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். தூங்கி வழியும் கைக்குழந்தை, கண்ணாடியைக் கழற்றினால் சுவரில் முட்டிக்கொள்ளும் பெரியவர், கேமராவைப் பார்த்ததும் முறைக்கும் போலீஸ்காரர், யாராக இருந்தாலும் என் முக்காலியில் உட்கார்ந்தால் கண்ணைத் திறந்தே ஆகவேண்டும். அதனால் கீழ்வீட்டு ரிஸானா என்னைக் கல்முனைக்குப் போய்வரச் சொன்னபோது கொஞ்சம் அலட்சியமாகத்தான் தலையாட்டினேன்.

ரிஸானாவுக்கு ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் கல்முனை. திருச்சிக்காரரைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கிறாள். அவள் தங்கை சாஹிராவுக்குக் கல்யாணம். இவளோ மாசமாக இருக்கிறாள், கட்டிலை விட்டு இறங்கினால் தொலைத்துவிடுவேன் என்று டாக்டரம்மா மிரட்டி வைத்திருக்கிறார். "அக்கா, நீங்க போங்க. கல்யாணப் படம் ஆயிரம் பேர் எடுப்பாங்க. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். எங்கட வாப்பா கண் திறந்திரிக்கிற படம்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. தன் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மாப்பிள்ளையோடு வாப்பா, கண் மூடியிருக்கிறது. பிரியாணிச் சட்டியோடு வாப்பா, கண் மூடியிருக்கிறது. மகளை விமான நிலையத்தில் வழியனுப்பும் வாப்பா, கண் மூடியிருக்கிறது. வீடியோ காலில் பார்க்கலாமே என்றால், அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் பேசுவாராம். இத்தனை வருஷமாக ரிஸானா பார்த்தது வாப்பாவின் காதைத்தான். "பிறக்கிற புள்ளைக்கு மூத்தாப்பாவக் காட்டணுமே அக்கா. தூங்குற மனுசனையா காட்டுவன்?" என்று கேட்டுவிட்டு ஆல்பத்தை மூடினாள்.

எந்தக் கேமராவைக் கொண்டுபோவது என்று எங்கள் வீட்டில் அன்றைக்கே சண்டை ஆரம்பித்தது. என்னிடம் இரண்டு உண்டு. ஒன்று கடையில் ஸ்டாண்டில் நிற்கும் லென்ஸ் மாற்றுகிற கேமரா. "புது மாடல், சின்னது, கையடக்கம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். உடம்பு என்னவோ சின்னதுதான். அதற்கு மாட்டுகிற லென்ஸை மட்டும் யாரும் சின்னதாக்கவில்லை. தூரத்துக்கு ஒரு நீள லென்ஸ், கிட்டத்துக்கு ஒன்று, பிளாஷ், சார்ஜர், மாற்று பேட்டரி, துடைக்கிற துணி என்று முதுகுப்பை நிறைந்து, மாட்டினால் ஒரு தோள் இறங்கிப்போகும். இன்னொன்று சோப்பு டப்பா அளவில் ஒரு குட்டி. அதில் லென்ஸைக் கழற்ற முடியாது. பொத்தானை அமுக்கினால் மூக்கை நீட்டும், மறுபடி அமுக்கினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். சுடிதார் பாக்கெட்டில் போட்டுவிட்டு மறந்தே போகலாம்.

"கல்யாண வீட்டுல போய் சோப்பு டப்பாவை நீட்டுனா உன்னை என்ன நினைப்பாங்க?" என்றார் என் வீட்டுக்காரர். "பெரிசை நீட்டினா அந்த மனுஷன் இன்னும் இறுக்கி மூடிக்குவார்" என்றேன் நான். நான் எப்போதுமே சின்னதின் கட்சி. யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்பதுதான் என் வாதம். கடைசியில் இரண்டையும் எடுத்துப்போனேன். எங்கள் வீட்டில் எல்லாச் சண்டையும் இப்படித்தான் முடியும்.

கொழும்பு விமான நிலையத்தில் பெரிய பையைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி நீள லென்ஸைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற அம்மா மொழிபெயர்த்தார்: "காட்டுக்குச் சிறுத்தை பார்க்கப் போகிறீர்களா என்று கேட்கிறார்." ஒரு பெரியவரைப் படமெடுக்கப் போகிறேன் என்றேன். அதிகாரி மறுபடி லென்ஸைப் பார்த்தார். "அவர் அவ்வளவு தூரத்திலா நிற்கிறார்?" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார். சின்னக் கேமரா பாக்கெட்டில் இருந்ததை யாரும் கேட்கவே இல்லை. முதல் வெற்றி சின்னதுக்குத்தான்.

கல்முனை பஸ்ஸில் பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் இரண்டு காலும் மரத்துப்போய், இறங்கியதும் நடக்கத் தெரியாமல் நின்றேன். என்னை அழைத்துப்போக ஆட்டோவோடு வந்திருந்தார் ஜப்பார் மாமா, ரிஸானாவின் உம்மாவுக்குத் தம்பி. வாய் ஓயாத மனிதர். பையை வாங்கியவர் அப்படியே ஒரு பக்கம் சாய்ந்தார்.

"தங்கச்சி, இது கெமராவா, வட்டைக்குத் தண்ணி இறைக்கிற மெசினா?"

வட்டை என்றால் அங்கே வயல்வெளி. நான் பாக்கெட்டிலிருந்து குட்டியை எடுத்துக் காட்டினேன். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது அதுட புள்ளையா?" என்றார்.

வீட்டில் காலைச் சாப்பாடு காத்திருந்தது. எங்கள் ஊரில் இடியாப்பம் நோஞ்சான்களின் உணவு. தேங்காய்ப்பாலைத் தெளித்து நாலு வாய் சாப்பிட்டால் முடிந்தது. கல்முனையில் அதற்குத் தேங்காய்ப்பால் சொதி, மீன் ஆணம் என்கிற குழம்பு, சம்பல் என்று ஒரு படையே வருகிறது. கடைசியில் மண்முட்டியில் எருமைத் தயிர், அதன்மேல் கித்துள் பனைப்பாகு, அவர்கள் மொழியில் பாணி. "இன்னம் ரெண்டு வைங்க உம்மா, இவ ஒண்டும் தின்னல்ல" என்று மணப்பெண் சாஹிரா சொல்லச் சொல்ல, உம்மா வைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு எழுந்தபோது எனக்கே கண் மூடியது.

வாப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். கைலி மாதிரி வெள்ளைச் சாரம், தொப்பி, நல்ல பெரிய கண்கள். அந்தக் கண்களைப் பார்த்ததும் எனக்கு வயிற்றெரிச்சலாகிவிட்டது. இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டா இத்தனை வருஷமாக மூடிக் கொண்டிருக்கிறார்!

"வாங்க மகள். மூத்தவ எப்பிடி இரிக்கா? சாப்பிடுறாவா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சூட்டோடு சூடாக முடித்துவிடலாம் என்று பெரிய கேமராவை எடுத்து அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். என் கைத்தொழில் தெரியட்டும் என்ற திமிர்தான், வேறென்ன.

"மச்சான், நேராப் பாருங்க!" என்று ஜப்பார் மாமா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "ஒண்டு! ரெண்டு! மூண்டு!"

மூண்டில் வாப்பா கண்ணை மூடினார். சும்மா இமைக்கவில்லை. பல் மருத்துவர் முன்னால் உட்கார்ந்தவரைப் போல இறுக்கி மூடினார். மாமா எண்ண எண்ண இன்னொன்று எடுத்தேன், அதுவும் அதேதான். பிறகு நான் மாமாவின் வாயைப் பொத்தாத குறையாக அடக்கிவிட்டு, நானே எண்ணி ரெண்டிலேயே அமுக்கினேன். வாப்பா ரெண்டிலேயே மூடிக்கொண்டார். எண்ணாமல் எடுத்தேன். எப்போது வரும் என்று தெரியாததால் அவர் தொடக்கத்திலிருந்தே மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எண்ணாம எடுத்தா எப்பிடி மகள்? எப்ப மூடுறெண்டு எனக்கு விளங்காதே" என்றார் பாவமாக. சின்ன வயதில் ஸ்டூடியோவில் மூன்று எண்ணி அடித்த பல்பு ஒன்று தெறித்து நெருப்புப் பொறி பறந்ததாம். அன்றிலிருந்து மூன்று என்றால் கண் தானாக மூடிக்கொள்கிறது.

பிற்பகலில் சின்னதை வைத்துக்கொண்டு முயன்றேன். அவர் முற்றத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தபோது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இடுப்புயரத்தில் வைத்து அமுக்கப் போனேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டார். தேங்காயைக் கீழே வைத்து, தொப்பியைச் சரிசெய்து, நிமிர்ந்து நின்று, உதட்டுக்குள்ளேயே "ஒண்டு, ரெண்டு" என்று தானே எண்ணிக்கொண்டு கண்ணை மூடினார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சோப்பு டப்பாவும் தண்ணீர் மெசினும் அவருக்கு ஒன்றுதான்.

அன்று மாலை ஜப்பார் மாமா உறவுக்காரர்களுக்கு வாயால் கல்யாணம் சொல்லக் கிளம்பினார். ஊர் பார்க்க நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். சாய்ந்தமருதுப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை. சற்றுப் பொறுத்து மறுபடி. பதில் இல்லை. மூன்றாம் தரமும் சொன்னார். உள்ளே டிவி சத்தம் கேட்டது, மீன் பொரிகிற வாசமும் வந்தது. ஆனால் மாமா திரும்பி ஆட்டோவுக்கு வந்துவிட்டார்.

"உள்ளேதான் இருக்காங்க மாமா! கதவைத் தட்டுங்க" என்றேன்.

"சீச்சீ. மூண்டு தரம் சலாம் சொல்லணும் தங்கச்சி. பதில் வந்தாப் போறது, வராட்டிக் கிறுகி வாறது. அதுக்கு மேல நிண்டா மரியாதை இல்ல."

எங்கள் தெருவில் காலிங் பெல்லை விரல் தேய அமுக்குகிறவர்களை நினைத்துக்கொண்டேன். கூரியர்காரர் ஒருமுறை என் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து "அம்மா, குளிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் வாப்பா இறக்காமத்தில் இருக்கும் தன் வயலுக்கு ஜப்பார் மாமாவின் ஆட்டோவில் கிளம்ப, நானும் ஒட்டிக்கொண்டேன். அவர் வீட்டில் கவனமாக இருக்கலாம், வயலில் மறந்திருப்பார் என்பது என் கணக்கு. நீள லென்ஸுக்கு வேலை வந்தது. தூரத்தில் நின்று இழுத்து எடுத்துவிட்டால் அவருக்குத் தெரியாதே.

வயல் பாதையில் ஆட்டோவின் முன்சக்கரம் சேற்றில் இறங்கிக்கொண்டது. மாமா தள்ளச் சொன்னார், தள்ளினோம், பின்சக்கரமும் இறங்கிக்கொண்டது. மாமாவை ஆட்டோவோடு விட்டுவிட்டு வாப்பாவும் நானும் மிச்சத் தூரம் நடை. நடுவில் ஒரு வாய்க்கால், முழங்காலுக்கு மேல் தண்ணீர். சின்னக் கேமராவை நான் சட்டென்று துப்பட்டாவில் முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டேன். பெரிய பையோடு என்ன செய்வதென்று கரையில் நின்று முழித்தேன். வாப்பா அதை வாங்கி, உரமூட்டையைத் தூக்குகிற மாதிரி தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று அக்கரைக்குப் போய்விட்டார். என் கேமராவும் இரண்டு லென்ஸும் அந்தத் தலையில் ஆடாமல் அசையாமல் போயின.

வயல்நடுவே உயரத்தில் ஒரு காவல் வாடி, ஓலை வேய்ந்த சிறு குடில். வேளாண்மை, அதாவது நெற்பயிர், பொன்னிறத்துக்கு வந்திருந்தது. வாப்பா அதில் உட்கார்ந்து யானை வரும் திசையைக் காட்டினார்.

"அறுவடை கிட்டின நேரத்தில யானைக்கு வாசம் பிடிச்சிரும். வந்து நிண்டா சத்தமே வராது மகள். கண் இமைக்க ஏலா."

"யானைக்கு முன்னாடி இமைக்காத ஆள், என் கேமராவுக்கு மட்டும் ஏன் வாப்பா மூடுறீங்க?"

"யானை எண்ணாதே" என்றார்.

நான் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அவர் வயலைப் பார்த்தபடி பேசினார். "எங்கட ஊரில பொம்புளப் புள்ளைக்கு வாப்பா வீடு கட்டிக் குடுக்கணும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நாங்க பின்னால சின்ன வீடொண்டு கட்டி ஒதுங்குவம். அந்தக் கல்வீடு மூத்தவளுக்கெண்டுதான் கட்டினன். அவ கடல் தாண்டிப் போயிட்டா. இப்ப இளையவளுக்குப் போகுது. மூத்தவளுக்கு நான் வீடு குடுக்கல்ல, அவட வாசலையும் பாக்கல்ல. படத்தில கண் திறந்தா என்ன, மூடினா என்ன மகள்?"

அவளுக்கு அது பெரிய விஷயம் வாப்பா என்று மட்டும் சொன்னேன்.

பிறகு நான் நைசாக வரப்போடு நடந்து தூரமாகப் போய், நீள லென்ஸை மாட்டி, குனிந்து உட்கார்ந்தேன். லென்ஸுக்குள் வாப்பாவின் முகம் பக்கத்தில் வந்து நின்றது. கண் திறந்திருந்தது. அல்லாவே, முருகா, இதோ வந்துவிட்டது என்று விரலை வைத்தேன். அந்த நேரத்தில் சேற்றிலிருந்து ஆட்டோவை மீட்ட வெற்றியில் ஜப்பார் மாமா வாடிக்குக் கீழே வந்து நின்றார். என்னைப் பார்த்துவிட்டார். அவ்வளவு தூரத்துக்குக் குரல் எட்டாதென்று அவருக்கும் தெரியும். ஆகவே கையை உயர்த்தி, எனக்கும் வாப்பாவுக்கும் தெரிகிற மாதிரி, ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் காட்டினார்.

படம் அருமையாக வந்திருந்தது. ஒவ்வொரு இமை மயிரையும் எண்ணலாம். எல்லாம் மூடிய இமை.

மருதாணி போடும் நாள் பெண்களின் ராஜ்ஜியம். மாலையிலிருந்தே கூடம் நிறைந்துவிட்டது. தலையை மூடிக்கொண்டு வந்தவர்கள் உள்ளே வந்ததும் முக்காட்டைக் கழற்றிப்போட்டு, பூவும் நகையுமாகப் பாட்டும் கைதட்டலும் தொடங்கிவிட்டார்கள். வாசலில் உம்மாவின் தங்கை, எல்லாரும் சாச்சி என்று கூப்பிடுகிறவர், அரிசி புடைக்கும் சுளகோடு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முக்காடு இல்லாத படம் ஒன்று வெளியே போய்விடக் கூடாதே. சுளகு நிறையப் போன்கள் அடித்துக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் கிடந்தன.

நான் பெரிய பையை அறையிலேயே விட்டுவிட்டு, நாகரிகமாக, சின்னதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனேன்.

"அதையும் போடுங்க புள்ள" என்றார் சாச்சி.

"இது போன் இல்லைங்க, கேமரா. பாருங்க, எவ்வளவு சின்னது! யாருக்கும் இடைஞ்சலே இருக்காது. எடுக்கிறதே தெரியாது."

"அதுதான் சொல்றன், எடுக்கிறது தெரியாது. போடுங்க."

எத்தனை வருஷமாக நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த குணத்தையே சாச்சி குற்றமாக எடுத்து வைத்துவிட்டார். என் சோப்பு டப்பா போன்களுக்கு நடுவில் போய் விழுந்தது. "அப்ப கல்யாணப்பெண்ணை நான் எப்படி எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"உங்கட பெரிய கெமரா எங்க? அதக் கொண்டாங்க. அதத் தூக்கினா கூடம் முழுக்க விளங்கும். வேணாமெண்டவ முக்காட்டை இழுத்துப் போட்டுக்குவா, வேணுமெண்டவ சிரிச்சிக்கிட்டு இரிப்பா."

அப்படியே நடந்தது. தண்ணீர் மெசினை நான் தூக்கும்போதெல்லாம் "ஏய், தூக்குறா, தூக்குறா!" என்று ஒரு குரல் எழும். சரசரவென்று நாலு முக்காடு ஏறும், மிச்சப் பேர் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு எனக்கு முகம் காட்டுவார்கள். கடையில் இத்தனை வருஷம் எடுத்ததில் எனக்கு இப்படி மனசுவந்து முகம் கொடுத்தவர்கள் கிடையாது. மருதாணிக் கையை நீட்டிச் சிரிக்கும் சாஹிரா, பாட்டின் அடி மறந்து வாயைப் பொத்திக்கொள்ளும் உம்மா, எல்லாம் கிடைத்தது. தோள் வலித்தது, ஆனால் சாச்சி சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டேன். வாயால் சொல்லவில்லை. சொன்னால் என் வீட்டுக்காரருக்கு எட்டிவிடும்.

கல்யாணத்தன்று நிக்காஹ் பள்ளிவாசலில். வாப்பாதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுக்க வேண்டும். பெண்கள் அங்கே போவதில்லை. ஆகவே சின்னக் கேமராவை ஜப்பார் மாமாவிடம் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடிச் சொன்னேன். "மாமா, எண்ணாதீங்க. வாயாலயும் எண்ணாதீங்க, கையாலயும் எண்ணாதீங்க."

"என்ன தங்கச்சி, எனக்கு விசரா?" என்றார்.

திரும்பி வந்ததும் பார்த்தேன். மின்விசிறி. மாப்பிள்ளையின் மூக்கு, மிக அருகில். மாமாவின் கட்டைவிரல். மறுபடி கட்டைவிரல். கடைசியில் வாப்பாவும் மாப்பிள்ளையும் கைகோத்திருக்கும் ஒரே ஒரு படம். வாப்பா கண்ணை மூடியிருந்தார். நான் மாமாவைப் பார்த்தேன். "வாயத் திறக்கவே இல்ல, அல்லாஹ் மேல ஆணை" என்றவர், கொஞ்சம் தயங்கி, "தலையக் கொஞ்சம் ஆட்டியிருப்பன். மூண்டு தரம்" என்றார்.

நல்லவேளை, சாப்பாடு வந்து காப்பாற்றியது. பெரிய சகன் தட்டு ஒன்றைச் சுற்றி நாங்கள் ஆறு பெண்கள் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டோம். எனக்கு வலப்பக்கம் இருந்த அம்மா தன் பக்கத்து இறைச்சியை எல்லாம் பேசிக்கொண்டே என் பக்கம் தள்ளிவிட்டார். கடைசி இனிப்பான வட்டிலப்பத்தை இரண்டு தரம் வாங்கினேன். வயிறு நிறைந்தாலும் மனசு நிறையவில்லை. மறுநாள் காலையில் நான் கிளம்பவேண்டும். கையில் நூற்றுக்கணக்கில் படங்கள், ரிஸானா கேட்ட ஒன்று மட்டும் இல்லை. அவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று இருந்தது.

மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து கல்வீட்டில் குடிபுகுந்தார். வாப்பாவும் உம்மாவும் கொல்லைப்புறத்து வளவில் கட்டிய சிறிய வீட்டுக்குப் போனார்கள். உம்மா தன் தலையணையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

காலையில் பெரிய கேமராவை லென்ஸ் லென்ஸாகக் கழற்றித் துடைத்து, பையின் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டு, கல்வீட்டின் கூடத்தில் மாமாவின் ஆட்டோவுக்காகக் காத்திருந்தேன். பாலில்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. சாஹிரா அடுப்படியில் இருந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் வாப்பா. சலவைச் சாரம், புதுத் தொப்பி. கையில் ஒரு பை, அதில் சுடச்சுடப் பணிஸ், நம் ஊர் பன். பின்வீட்டிலிருந்து வந்தால் அடுப்படிக் கதவு நாலு எட்டு. அவர் அந்தப் பக்கம் வராமல் வளவைச் சுற்றித் தெருவுக்குப் போய், முன்வாசல் வழியாக வந்திருக்கிறார். தான் கட்டிய வீட்டுக்கு வெளியே, படிக்குக் கீழே நின்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அடுப்படியில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பதில் இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

நான் குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் அது என் வீடில்லை, பதில் சொல்லவேண்டியவள் நானில்லை. என்னை அவர் பார்க்கவும் இல்லை, நான் கதவின் நிழலில் இருந்தேன். எனக்கு ஜப்பார் மாமா சாய்ந்தமருது வீட்டு வாசலிலிருந்து திரும்பி வந்தது ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு தரம்தான். அதற்கும் பதில் வராவிட்டால் இந்த மனிதர் பணிஸ் பையோடு திரும்பிப் போய்விடுவார். ஜிப் மூடிய பை தூரத்தில் கிடந்தது. பாக்கெட்டில் இருந்த சின்னது எப்போது கைக்கு வந்தது, எப்போது மூக்கை நீட்டியது, தெரியாது.

மூன்றாவது சலாம் சொல்லும்போது வாப்பா தலையை நிமிர்த்தி, வீட்டுக்குள்ளே ஆழமாகப் பார்த்தார். அந்தப் பெரிய கண்கள் இரண்டும் முழுதாகத் திறந்திருந்தன. நான் அமுக்கினேன்.

"வ அலைக்கும் ஸலாம்! வாப்பா, இதென்ன வேலை, உங்கட வீட்டுக்குச் சலாம் சொல்லிக்கிட்டு! உள்ள வாங்க வாப்பா!" என்று ஈரக்கையோடு சாஹிரா ஓடிவந்தாள்.

"மருமகன் இரிக்கிற வீடு மகள்" என்றார். பணிஸ் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

சாச்சியின் சுளகு எனக்கு மறக்கவில்லை. தெரியாமல் எடுத்ததை அப்படியே கொண்டுபோக மனம் வரவில்லை. வாப்பாவிடம் போய்ச் சின்னத் திரையைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார்.

"இதாரு? எங்கட வாப்பாட முகமாட்டம் இரிக்கி" என்றார், தன் தகப்பனாரை நினைத்து.

"நீங்கதான் வாப்பா."

"நானா?" என்று மறுபடி பார்த்தார். "கண் இவ்வளவு பெரிசா எனக்கு?"

பின்னால் வந்து நின்ற ஜப்பார் மாமா, "நான் இல்லாத நேரம் பாத்து எடுத்திட்டீங்களே தங்கச்சி" என்று வருத்தப்பட்டார்.

"ரிஸானாவுக்கு அனுப்பவா?" என்று வாப்பாவிடம் கேட்டேன்.

"அனுப்புங்க மகள். சலாம் சொன்னதெண்டு சொல்லுங்க" என்றார்.

சின்னக் கேமராவிலிருந்து போனுக்கு ஏற்றி அங்கேயே அனுப்பினேன். உடனே போன் அடித்தது. எதிர்ப்பக்கத்தில் வெகுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான்.

"அக்கா, இது மூண்டாவது சலாம்தானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் ரெண்டையும் வாப்பா நிலத்தப் பாத்துத்தான் சொல்லுவாங்க. மூண்டாவதுக்குத்தான், பதில் வராதோ எண்டு உள்ள பாப்பாங்க" என்றாள்.

ஊர் திரும்பியதும் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டமடித்துக் கொடுத்தேன். சோப்பு டப்பாவில் எடுத்ததா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். கூடத்துப் பெண்களை எடுத்தது பெரிசுதானே என்றார். அதுவும் ஆமாம் என்றேன். இரண்டு பேரும் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டோம்.

ரிஸானா அந்தப் படத்தை வரவேற்பறையில் மாட்டவில்லை, படுக்கையறையிலும் மாட்டவில்லை. ஆணி அடிக்கிறவரை வரச்சொல்லி, தன் வீட்டு வாசலுக்கு வெளியே, காலிங் பெல்லுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கும் உயரத்தில் மாட்டச் சொன்னாள். "வாப்பா என்ட வாசலுக்கும் வரட்டும்" என்றாள். இப்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையில் கதவைத் திறந்ததும், அவள் முதலில் "வ அலைக்கும் ஸலாம்" சொல்கிறாள். குழந்தை அந்தப் பெரிய கண்களைத் தொட்டுப் பார்க்கிறது.

நான் பால் பாக்கெட்டோடு படியேறும்போது ரிஸானாவின் கதவு சில நாள் மூடியிருக்கும். வெளியே வாப்பா கண்ணைத் திறந்துகொண்டு நிற்பார். பதில் சொல்லவேண்டியவள் உள்ளே தூங்குகிறாள், பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா போவது? "இருங்க வாப்பா, இதோ வந்துடுவா" என்று சொல்லிவிட்டுத்தான் மாடிக்குப் போகிறேன்.